ஓரத்து மூங்கில்

மூங்கில் பேசும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். பேசுவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? உள்ளே காயம் பட்டிருந்தால் வளைக்கும்போது முனகும். அவ்வளவுதான்.

வெட்டி, நிழலில் உலர்த்தி, தணலில் காட்டி நிமிர்த்திய அம்புத்தண்டை வலது காதோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு கைகளாலும் மெல்ல வளைப்பாள். நல்ல தண்டு சத்தமில்லாமல் வளைந்து சத்தமில்லாமல் நிமிரும். உள்நாரில் விரிசல் இருந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நகத்தை நகத்தால் சுண்டினால் வருமே, அதில் பாதிகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கு அகப்படாத விரிசல் அந்தச் சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தண்டை விறகுக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அம்பு வாங்க வருகிறவர்கள் அவளைக் காதுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளைப் பெரிய கைகாரி என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் கழித்ததில் நல்லது இருந்திருக்கலாம். எடுத்ததில் கெட்டது இருந்ததில்லை. இந்தத் தொழிலில் அது போதும்.

அந்தக் கோடையில் காதுக்காரம்மாவுக்குக் காது போயிற்று.

அவள் பிறந்தது மூங்கில் வீட்டில் அல்ல. அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். வீட்டில் இருந்த அத்தனை பேரும், எதிரில் இருப்பவர் அடுத்த தெருவில் இருப்பதுபோலத்தான் பேசுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் வீட்டு அமைதியைப் பார்த்து அவளுக்குப் பயமாகவே இருந்தது. சண்டை போட்டுவிட்டு யாரும் பேசாமல் இருக்கிறார்களோ என்று ஒரு வாரம் யோசித்தாள். அந்த அமைதியில்தான் தனக்குப் பாம்புச்செவி என்பது தெரிந்தது. சுவருக்குப் பின்னால் எலி நடப்பது கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாயில் சொட்டுவது கேட்டது. புருஷன் கேலி செய்தார். அவர் முணுமுணுத்த கேலியும் கேட்டது.

அப்போதெல்லாம் எல்லா வேலையும் அவருடையதுதான். மூங்கில் பார்ப்பது, நிமிர்த்துவது, இறகு ஒட்டுவது, விட்டுப் பார்ப்பது. மகள் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு மதியம், கொல்லையில் வைக்கோல் பொதியைப் பார்த்து அவர் நாணை இழுத்து விட்டார். அம்பு போகவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. முன்பாதி எங்கோ விழுந்தது. பின்பாதியை நாண் தள்ளிக்கொண்டு வந்து, வில் பிடித்த இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செருகியது.

அவர் கத்தவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போன மூங்கிலைச் சிலாம்பு சிலாம்பாக மருத்துவமனையில் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகும் உள்ளே ஏதோ மிச்சமிருந்தது; மழைக்காலத்தில் குத்தும். கட்டைவிரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அம்பால் ஆபத்து எதிரில் நிற்பவனுக்கு என்றுதான் உலகம் நினைக்கிறது. செய்கிறவர்களுக்கு அது அப்படியில்லை. அம்பு புறப்படும் அந்த நொடியில் அதற்கு எல்லோரையும்விட அருகில் இருப்பது விடுகிறவனுடைய கைதான்.

கட்டுப் போட்ட கையோடு அவர் வீட்டுக்கு வந்த அன்று, பரணில் இருந்த மிச்சத் தண்டுகளை அவள் இறக்கினாள். ஒவ்வொன்றாகக் காதில் வைத்து வளைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எலியைக் கேட்கிற காது இதையும் கேட்காதா என்று தோன்றியிருக்கலாம். கேட்டது. “இனிமே மூங்கில் நான் பாக்கறேன், நெருப்பு நீங்க பாருங்க” என்றாள். அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். எந்தக் கட்டானாலும் அதன் முதல் அம்பை இந்த வீட்டுக் கைதான் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் பிள்ளை தொடலாம். கொஞ்ச காலம் அவருடைய தம்பி விட்டார். தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, அதற்குள் வளர்ந்து, வில் கற்று, பயிற்சித் திடலில் பேர் சொல்லும்படி ஆகிவிட்ட மகள் விட்டாள். முதல் அம்பு பறக்கும்போது அந்த வீட்டில் யாரும் இலக்குப் பலகையைப் பார்ப்பதில்லை. வில் பிடித்த கையைத்தான் பார்ப்பார்கள்.

மூங்கில் பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மழை ஓய்ந்து, மண் காய்ந்து, தண்டில் நீரோட்டம் இறங்கிய பிறகுதான் அரிவாளை எடுப்பாள். கரையோரத்து நாணல் லேசானது; பிள்ளைகளின் சின்ன வில்லுக்கு அது போதும். பலமான வில்லுக்கு நாட்டு மூங்கில், அதுவும் மெல்லிய சாதி. முதல் வருஷத் தண்டில் கணுவைச் சுற்றிச் சருகு ஒட்டியிருக்கும், மேலே மாவு பூத்திருக்கும். பார்க்க அழகு, உள்ளே வெறும் தண்ணீர். மூன்றாம் வருஷத் தண்டு மங்கிப்போய், அங்கங்கே பாசிப் புள்ளி விழுந்து, யாருக்கும் பிடிக்காத முகத்தோடு நிற்கும். அரிவாளின் முதுகால் தட்டினால் கையில் அதிர்வது தெரியும். அதுதான் வேண்டும். சுண்டுவிரல் பருமன், கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், நாணைக் கவ்வும் பிளவு வெட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு கணு வந்தாக வேண்டும். பிளவு நீண்டால் அந்தக் கணுவோடு நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதரின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். ஓரத்தில் நிற்பது காற்றையெல்லாம் தான் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு காற்றிலும் தலை தரையைத் தொடுகிறது. வெளியே கீறல் இருக்காது. உள்ளே நார் நாராக விட்டிருக்கும். ஓரத்து மூங்கில் வேலிக்கு, நடு மூங்கில் அம்புக்கு என்பாள்.

காது போனது அவளுக்கு ஒரே நாளில் தெரியவில்லை. ஒரு காலை தீக்குச்சியைக் கிழித்தாள். நெருப்பு வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொன்றைக் கிழித்துப் பார்த்தாள். அப்புறம் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதாக நினைத்து பாட்டரி மாற்றினாள். மாற்றும்போது முள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டாள். இடது காதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அது எப்போதுமே சோம்பேறிக் காது. இப்போது அதுவும் கூடச் சேர்ந்துகொண்டது. விசித்திரம் என்னவென்றால், வெளிச் சத்தம் குறையக் குறைய உள்சத்தம் கூடியது. மெல்லுகிற சத்தம் மண்டைக்குள் இடித்தது. தன் குரலே தனக்குப் பெரிதாகக் கேட்டதால் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மா இப்பல்லாம் எவ்ளோ சாது ஆயிட்டாங்க பாத்தீங்களாப்பா” என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். உதடுகளைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் ஒரு பேர் சொல்வார்கள். பேர் வந்துவிட்டால் அது வீட்டில் ஒரு ஆள்போல உட்கார்ந்துகொள்ளும்.

செவிடாவது குறித்து அவளுக்குப் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை. வயதானால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று போகிறது. அவளைப் பிடித்து உலுக்கிய பயம் வேறு. அவள் தொழிலில் மௌனம்தான் நற்சான்று. சத்தம் வராத தண்டு நல்ல தண்டு. இப்போது எந்தத் தண்டும் சத்தம் போடவில்லை. கேட்காததும் இல்லாததும் ஒரே மாதிரி இருந்தன. காது கெட்ட அன்றிலிருந்து அவள் கையில் எல்லா மூங்கிலும் நல்ல மூங்கிலாகிவிட்டன.

இதை அவள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளியதற்குக் காரணம் வெட்கம் என்று நினைப்பது எளிது. உண்மையில் அது நம்பிக்கை. காலையில் எழுந்ததும் முதலில் ஒரு தண்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள், திரும்பி வந்திருக்குமோ என்று. நம்பிக்கை நல்ல குணம் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு அது எவ்வளவு பேரை வாயடைத்து வைக்கும் என்று தெரிந்திருக்காது.

அந்த வருஷம்தான் ஆற்றோரத்துப் புதர் பூத்தது. மூங்கில் பூத்தால் சாகப்போகிறது என்று பொருள். பூத்த தூரிலிருந்து வெட்டினால் சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரும். வருஷக்கணக்காக வெட்டி வந்த புதர் கண்ணெதிரே வைக்கோல் நிறமாகி நின்றது. கல்குவாரிக்குப் பின்னால், மேட்டுச் சரிவில் வேறொரு புதரைத் தேடிக் கண்டுபிடித்தாள். நல்ல சாதிதான். ஆனால் சின்னது, நாலா பக்கமும் காற்று. நடுவிலிருந்து எடுத்தது பாதிக் கட்டுக்குத்தான் தேறியது. பயிற்சித் திடலின் மாஸ்டர் போட்டிக்கென்று முழுக் கட்டு கேட்டிருந்தார். அவருடைய மாணவர்கள் எல்லோரும் இவர்கள் வீட்டு அம்பைத்தான் விடப்போகிறார்கள்.

அவள் அரிவாளோடு அந்த ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து வெட்டினாள். எப்படியும் காதில் வைத்துப் பார்க்கப் போகிறோமே, கெட்டது தெரிந்துவிடாதா என்று மனசுக்குச் சொன்னாள். எந்தக் காது என்று மனசு கேட்கவில்லை.

ஓரத்துத் தண்டுகளைத் தனியாகக் கட்டியிருந்தால்கூடத் தேவலை. தனிக்கட்டு இருந்தால் அவர் ஏன் என்று கேட்பார். எல்லாவற்றையும் சேர்த்தே கட்டினாள். உலர்ந்து, தணலில் நிமிர்ந்த பிறகு எல்லாம் ஒரே தேன் நிறம்; எது நடு, எது ஓரம் என்று வெட்டியவளுக்கே தெரியாது.

சோதிக்கிற நாளில் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வலது காதில் வைத்து வளைத்தாள். நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தொய்வு பார்த்தாள். வெளிச்சத்தில் உருட்டினாள், நகத்தால் வருடினாள். மற்றவர் செய்கிற சோதனை எல்லாவற்றையும் இருமுறை செய்தாள். எல்லாம் தேறின. சாயங்காலம் விறகுக் கூடையைப் பார்த்த அவர் அதைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். “என்னம்மா, இந்த வருஷம் கழிவே இல்லையே.”

“புது இடம்ங்க. மூங்கில் நல்லா இருக்கு.”

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். இருட்டில் பாம்பை மிதித்தவள் காலை எடுக்கவும் முடியாமல் நிற்பதுபோல அவள் நின்றாள். எடுத்தால் கொத்தும். எடுக்காவிட்டாலும் கொத்தும்.

அதன் பிறகு அம்புகள் இறகு பெற்றன, முனை பெற்றன. சாப்பிடும்போது மகளின் இடது கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று மகள் கேட்டிருக்க வேண்டும். நகம் வெட்டலையா என்று பொதுவாக ஒன்றைச் சொல்லி வைத்தாள்.

முதல் அம்பு விடும் காலை வந்தது. அப்பாவும் மகளும் கட்டை எடுத்துக்கொண்டு திடலுக்குக் கிளம்பினார்கள். அவள் பின்னால் வருவதாகச் சொன்னாள். தலைவலி என்றாள், அது பொய்யும் இல்லை. வாசலில் மகள் திரும்பி ஏதோ சொன்னாள். வெளிச்சம் பின்னால் இருந்ததால் உதடு தெரியவில்லை. அவள் தலையாட்டினாள்.

வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. கையை எதிலாவது வைக்க வேண்டும். பயிற்சிக்கென்று ஒதுக்கியிருந்த இறகில்லாத தண்டுகளில் ஒன்றை எடுத்து, பிளவுக்குக் கீழே நூல் சுற்ற உட்கார்ந்தாள். இரண்டு கையும் நூலில் இருந்ததால் தண்டின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டாள். நூலை இறுக்கினாள். தண்டு கொஞ்சம் வளைந்தது.

டிக்.

தலைக்குள் கேட்டது. முன்பு காதில் கேட்டதைவிடத் தெளிவாக, யாரோ தாடையில் விரலால் தட்டியதுபோல.

அவள் அசையாமல் இருந்தாள். மறுபடி கவ்வி, வளைத்தாள். டிக். இன்னொரு தண்டை எடுத்துக் கவ்வி வளைத்தாள், மௌனம். இது வேறு மௌனம் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் அவள் நம்பிய மௌனம். பாறைக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்போல, சத்தம் காதுக்கு வராமல் எலும்பு வழியாக வந்திருக்கிறது. அதையெல்லாம் யோசிக்க அப்போது நேரமில்லை. முதல் தண்டு அவள் காதில் வைத்துத் தேர்ந்தது. அதே கட்டில் வந்தது. அதன் உடன்பிறப்புகள் இப்போது மகளின் கையில் இருக்கின்றன.

போனை எடுத்து மகளை அழைத்தாள். பிறகு அவரை அழைத்தாள். திரையில் பேர் ஒளிர்ந்து அணைந்தது. வில் ஏந்துமிடத்தில் போன் தொடக் கூடாது. பையோடு பெஞ்சில் வைத்துவிடுவார்கள். செருப்பை மறந்து வாசலுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அண்ணே, திடலுக்கு” என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் நல்ல மனுஷர், ஆனால் வண்டியைவிட வாய் வேகம். வழியெல்லாம் பாதித் தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் கேட்காமல் அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாண்ணே, ஆமாண்ணே என்றாள். தான் தைக்கிற சட்டை எல்லாம் கழுத்து இறுக்கமாகவா இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார்; அதனால் அவர் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அப்போது அவள் கண்ணில் ஒரு கைதான் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச இடம். குழந்தையாக இருந்தபோது மருதாணிச் சிவப்புபோல் இருந்த இடம். சிக்னலில் வண்டி நின்றது. ஒரு வயதானவர் சாலையைக் கடந்தார், நடுவில் நின்றார், எதையோ யோசித்தார், மீண்டும் கடந்தார்.

திடலின் கம்பிவேலிக்கு வெளியே வண்டி நின்றபோது அவளுக்குத் தெரிந்தது இதுதான். சுண்ணாம்புக் கோட்டில் மகள் தனியாக நிற்கிறாள். மற்ற மாணவர்கள் பின்னால் வில்லைத் தரையில் ஊன்றிக் காத்திருக்கிறார்கள். மாஸ்டர் கழுத்தில் விசிலோடு ஓரமாக நிற்கிறார். புருஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மடங்காத இடது கட்டைவிரலை வலது கைக்குள் பொத்தி வைத்திருக்கிறார். மகளின் இடது கையைப் பார்க்கிறார். மகள் அம்பைத் தொடுத்துவிட்டாள்.

“விடாதே!” என்று அவள் கத்தினாள்.

மண்டை அதிர்ந்தது. திடலே அதிர்ந்திருக்க வேண்டும். ஒருவரும் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கத்தினாள். வேலியில் உட்கார்ந்திருந்த காகம்கூட அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தனக்குள் இடிபோல் கேட்கும் இந்தக் குரல் வெளியே வெறும் முணுமுணுப்பு. மாதக்கணக்காகத் தாழ்த்தித் தாழ்த்தி, எப்படி உயர்த்துவது என்பதே தொண்டைக்கு மறந்துவிட்டது. கெட்ட கனவில் கத்துகிறவளைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

மகளின் வலது கை பின்னால் போக ஆரம்பித்தது.

அந்தத் திடலில் ஒரு விதி உண்டு. கோட்டுக்கு முன்னால் மனிதரோ நாயோ யார் தெரிந்தாலும் மாஸ்டர் விசில் அடிப்பார். விசில் அடித்தால் எல்லா வில்லும் இறங்கியாக வேண்டும். வேலியின் பக்கவாட்டுக் கதவு இலக்குப் பலகைக்கும் கோட்டுக்கும் நடுவே திறக்கும். அவள் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, புல்லில் நடந்தாள். நேராக அம்புக்கு எதிரில் போய் நின்றாள்.

அம்பின் முனை அவளைப் பார்த்தது. அது ஒரு புள்ளிதான். அதன் பின்னால் மகளின் ஒரு கண். முனை தன்னைப் பார்த்திருந்ததில் அவளுக்குப் பயமே வரவில்லை. முனைக்கு மறுபக்கம்தான் அவளுடைய பயம் முழுதும் இருந்தது. மாஸ்டரின் கன்னம் உப்பியதைக் கண்டாள். விசில் அவளுக்குக் கேட்கவில்லை. மகளின் தோள் நடுங்கியது. இழுத்த நாணை விடாமல், மெல்ல மெல்ல, பால் கிண்ணத்தை இறக்கி வைப்பதுபோல் முன்னால் கொண்டுவந்தாள். வில் தாழ்ந்தது.

அதற்கப்புறம்தான் அவள் கைகளை இறக்கினாள். புல்லில் உட்கார்ந்தாள்.

மகள் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “உனக்கென்ன பைத்தியமாம்மா? விட்டிருந்தேன்னா என்ன ஆயிருக்கும்?”

முகத்துக்கு நேராக நின்று கேட்டதால் முழுதும் புரிந்தது. “அதை விடாதே. அது ஓரத்து மூங்கிலா இருக்கலாம்.”

“நீதானே காதுல வச்சுப் பாத்தே?”

“வச்சேன். எனக்குக் கேக்கல. கோடையிலேருந்தே கேக்கல.”

அதைச் சொன்ன குரல் மற்றவர்களுக்கு எட்டவில்லை. பின்னாலேயே வந்த புருஷன் குனிந்து என்ன என்றார். அவள் திரும்பச் சொன்னாள். மாஸ்டருக்காக மூன்றாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தை ஒளித்து வைத்த குற்றத்துக்கு அதையே மூன்றுமுறை சொல்ல வைப்பது பொருத்தமான தண்டனைதான்.

“கழிவே இல்லைன்னு நான் சந்தோஷப்பட்டேனே” என்றார் புருஷன். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகளுக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. “அப்ப இத்தனை நாளா நான் பேசினது எதுவும் உனக்குக் கேக்கலையா?”

“பாதி கேட்டுது.”

“எந்தப் பாதி?”

“நீ கோபமாப் பேசற பாதி.”

மகள் சிரிக்க வந்து, சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருக்கலாமே அக்கா என்று சொன்னார். நியாயமான பேச்சு.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் கையில் இருந்த அம்பை வாங்கினாள். பிளவுள்ள நுனியைப் பல்லில் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு வளைத்தாள். மாணவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கரும்பு தின்கிறாரா என்று ஒருவன் கேட்டதற்கு மற்றவன் இடித்தான். அந்த அம்பில் சத்தமில்லை. அது நல்ல அம்பு. தடுக்காமல் இருந்திருந்தால் அது பறந்து போய் இலக்குப் பலகையின் நடு மஞ்சளில் தைத்திருக்கும். கட்டு முழுதும் நல்லது என்று எல்லோரும் கைதட்டி, ஆளுக்கொன்று எடுத்திருப்பார்கள்.

அவர் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மௌனம், மௌனம், மௌனம். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தன் பல்லும் காதைப்போலவே பொய் சொல்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்போது ஒன்று, டிக் என்றது. மீண்டும் வளைத்தாள். டிக். அதை அவரிடம் நீட்டி, “உடைங்க” என்றாள்.

முழங்காலில் வைத்து அவர் அழுத்தினார். தண்டு ஒடியவில்லை. நீளவாக்கில் பிளந்தது. பிளந்த இடமெல்லாம் ஊசி ஊசியாக, வெள்ளையாக, ஒரு முழ நீளத்துக்கு நின்றது. இறகு கட்டிய அழகான பின்பாதி அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்த மகளின் இடது கை தானாக மூடிக்கொண்டது. கரும்பு என்று கேலி செய்தவனும் தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அதன் பிறகு யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. கழித்தவை ஒரு பக்கம் சேர்ந்தன. முன்பெல்லாம் விறகுக் கூடையில் எவ்வளவு சேருமோ அவ்வளவு, கொஞ்சம் கூடவே. மிச்சம் ஒரு பக்கம். இன்னொரு நாள் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர், இரக்கத்தோடு. இன்றைக்கே என்றாள் அவள். இன்றைக்கு விடாவிட்டால் இந்தப் பயம் வீட்டுக்கு வந்து, அடுத்த கோடை வரை உட்கார்ந்து சாப்பிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மகள் வில்லை எடுத்தாள். அவள் கையை நீட்டித் தடுத்தாள். “நான் விடறேன்.”

“உனக்கு வில் பிடிக்கத் தெரியுமாம்மா?”

“இதுவும் இந்த வீட்டுக் கைதானே.”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் பிள்ளைகள் பழகுகிற வில் ஒன்றை வாங்கி வந்து, அவள் பின்னால் நின்று, முழங்கையை உயர்த்தி வைத்தார். மடங்காத கட்டைவிரல் அவள் தோளில் பட்டது. இத்தனை வருஷமும் அவள் தேர்ந்த மூங்கிலின் ஆபத்தை வேறு யாராவதுதான் கையில் பிடித்தார்கள். கொழுந்தனார் பிடித்தார், மகள் பிடித்தாள். பயப்பட்டது அவள்தான், ஆனால் தள்ளி நின்று பயப்பட்டாள். பயமும் அது பயப்பட வேண்டிய கையும் ஒரே உடம்பில் இருப்பது இதுதான் முதல்முறை. அது தைரியம் தரவில்லை. பல் சொன்னதை நம்பலாமா? காலையில் தெரிந்துகொண்ட ஒரு வித்தை. பல்லுக்கும் கேட்காத விரிசல் என்று ஒன்று இல்லை என யார் சொன்னது?

நாணை இழுத்தாள். கன்னத்தைத் தொட்டது. விட்டாள்.

நாணின் அதிர்வு எலும்பு வழியாகத் தாடை வரை வந்தது. அம்பு பாதி வழியில் தலை குப்புறப் புல்லில் செருகியது. அதை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். மகள் பார்த்தாள். அவளும் பார்த்தாள். கை முழுசாக இருந்தது. மகள் அதை வாங்கித் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்து, எதுவோ சொன்னாள். தலை குனிந்திருந்ததால் என்னவென்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பிறகு மகள் தன் வில்லை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்று, அடுத்த அம்புக்காகக் கையை நீட்டினாள். அவள் தேறிய கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். கொடுக்கப் போனவள் நின்றாள். ஏற்கெனவே பார்த்த அம்பை மறுபடி பல்லில் கவ்வி வளைத்தாள். சத்தமில்லை.

இன்னொரு முறை வளைத்தாள்.